மூன்றாவது நிமிடத்து வேகம்

கிராபிக்ஸ் கார்டை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எந்த மென்பொருளில் அளப்பது என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. அதெல்லாம் உங்கள் நால்வருக்கும் என்னைவிட நன்றாகவே தெரியும். போன வாரம் கடைக்கு வந்தபோது பார்த்தேன். முதலாளிதான் என்னைப் பிடித்துக்கொண்டார். "ரிட்டயர் ஆயிட்டேன்னு வூட்லயே குந்திகினு இருக்காதபா. புதுசா நாலு பேர் வந்துகீறாங்க. உன் அனுபவத்த எழுதிக் குடு" என்றார். எழுத உட்கார்ந்தால் இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் முன்னால் வந்து நிற்கிறது. பொறாமை. அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். பிடிக்காவிட்டால் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேளம்பாக்கம் கடை வாசலில் நிற்கிற வெள்ளைப் பலகையை ஆரம்பித்தவன் நான். கார்டின் பெயர், விலை, அது ஒரு நொடியில் எத்தனை படங்களைத் திரையில் காட்டுகிறது என்ற வேகம், மூன்றும் அதில் இருக்கும். விலையை வேகத்தால் வகுத்தால் ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய் என்று வரும். எதற்குக் குறைவோ அது பலகையின் மேலே. இன்று பார்க்க இது பெரிய வித்தையாகத் தெரியாது. அன்று அப்படி இல்லை. பெட்டி மேல் அச்சடித்த ராட்சசன் படத்தைப் பார்த்துக் கார்டு வாங்கிய காலம் அது. வெள்ளிக்கிழமை காலையில் நான் பலகை எழுதுவதற்காகவே படூர் கல்லூரிப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் வந்து காத்திருப்பார்கள். யாராவது ஒரு விலை சொன்னால் காகிதம் இல்லாமல் நின்ற இடத்தில் வகுத்துச் சொல்வேன். "அண்ணாத்த, மண்டைக்குள்ள மெஷின் வெச்சிகினு கீறியா இன்னா" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் வேலைக்கு வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கார்டுத் தட்டுப்பாடு வந்து விலை மூன்று மடங்கு ஏறியபோது, பலகையில் கார்டுப் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, 'இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள்' என்று எழுதினேன். முதலாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாரும் விலை இறங்கியதும் நம் கடைக்குத்தான் திரும்பி வந்தார்கள். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இதற்குப் பிறகு பெருமைப்பட அதிகம் இல்லை.

தட்டுப்பாடு முடிந்த சமயத்தில் அந்தம்மா வந்து சேர்ந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும். தெரிந்த பெயரை எழுதி நான் வேறு எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்? வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, சொந்த ஊர் மதுரைப் பக்கம். சேர்ந்த முதல் நாள் பலகை முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "அண்ணே, இந்த வேகமெல்லாம் எத்தனாவது நிமிசத்துல எடுத்தது?" என்று கேட்டார்.

"மூணாவது நிமிஷம். இன்னாத்துக்கு?"

"ஏசி போட்டா, போடாமயா?"

டெஸ்ட் ரூமில் ஏசி எப்போதும் ஓடும். அதைச் சொன்னேன். அந்தம்மா "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் நான் டெஸ்ட் ரூமுக்குள் நுழைந்தால் அடுப்பங்கரை மாதிரி இருக்கிறது. ஏசியை அணைத்து, கதவைச் சாத்தி, ஒரு கார்டை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். நான் சிரித்தேன். கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அடுப்படி டெஸ்ட் என்று பெயரும் வைத்தேன்.

சிரிப்பு ஒரு மாதம்தான் தாங்கியது. அந்தம்மா கார்டைக் காட்டுவதற்கு முன் கேள்வி கேட்பார். மெஷின், அதாவது கம்ப்யூட்டர், எந்த ரூமில் இருக்கும், மாடியா கீழா, மதியம் ஓடுமா, ஜன்னல் இருக்கிறதா. பெண் பார்க்க வந்தவர்கள்போல் இத்தனை கேள்வியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவரிடம் வாங்கிய யாரும் குறை சொல்லித் திரும்பி வரவில்லை. அடுத்த கார்டு வாங்கத்தான் வந்தார்கள், தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு. வாசலில் செருப்பை விடும்போதே "அக்கா கீறாங்களா?" என்று கேட்பார்கள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்தம்மா முன்னால் மூன்று பேர் நிற்பார்கள். "வாங்க, நான் பாக்கறேன்" என்றால், "பரவால்லண்ணா, வெயிட் பண்றோம்" என்பார்கள். அந்தப் 'பரவால்லண்ணா'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பற்றி எரியும். டீ கொண்டுவருகிறவர்கூட அவர் மேசைக்குத்தான் முதலில் போவார். நான் அதையும் கவனித்தேன். பொறாமை பிடித்தவனுக்குக் கண் அவ்வளவு கூர்மையாக இருக்கும்.

அவர் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். அடுப்படி டெஸ்டில் ஏதாவது கோளாறு தெரிந்தால், மஞ்சள் சீட்டில் எழுதி அந்தக் கார்டின் பெட்டி மேல் ஒட்டிவிடுவார். விற்கிறவர் பார்க்க வேண்டும் என்று.

அடுத்த மே மாதம், ஒரு சனிக்கிழமை மதியம் அமுலு வந்தாள். முப்பது வயது இருக்கும், கடப்பாக்கம். அவள் புருஷன் தேசிங்கு படகில் போகிறவர். அமுலு செங்கல்பட்டில் அனிமேஷன் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அடுக்குமாடி கட்டுவதற்கு முன்பே, கட்டி முடித்த வீட்டுக்குள் நடந்து போவதுபோல் படம் செய்து தருகிற வேலை. ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பில்டர் அவளுக்கு ஒரு படம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மூன்று நிமிடப் படம். மெஷின் ஆயிரக்கணக்கான தனித்தனிப் படங்களாக வரைந்து, கடைசியில் கோக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அவருடைய எல்லாப் படமும் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள்.

"இத வுட்டா எறா கம்பெனில ஷிப்டுக்குப் போவ வேண்டியதுதாண்ணா. பார்ம் வாங்கி வெச்சிட்டாரு எங்க மாமா" என்றாள். எறா கம்பெனி என்றால் இறாலை உரித்து ஐஸில் பேக் செய்கிற இடம். பிறகு எல்லாரையும்போல அவளும், "அக்கா கீறாங்களா?" என்று கேட்டாள்.

அந்தம்மாவுக்கு அன்று வார விடுமுறை. எனக்கு அது அதிர்ஷ்டமாகத் தெரிந்தது. பலகையில் அந்த வாரம் முதலிடத்தில் இருந்தது இரண்டு விசிறி வைத்த ஒரு சின்னக் கார்டு. அமுலு கையிலிருந்த இருபத்தெட்டாயிரத்துக்குள் அடங்கும். பின்னால் போய்ப் பெட்டியை எடுத்தேன். மேலே மஞ்சள் சீட்டு. 'மூடிய அறையில் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வேகம் விழுகிறது. எங்கே வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கவும்.'

கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அது அந்தம்மாவின் கேள்வியாகிவிடும். என் பலகையில் முதலிடத்தில் இருக்கிற கார்டை, அவர் ஒட்டிய ஒரு சீட்டுக்காக நான் தயங்கிக் கொடுப்பதா? சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பில் போட்டு, சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தேன். அக்கா இல்லாவிட்டாலும் நடக்கும் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது. ரொம்பச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு போன். நான் எடுத்தேன்.

"அண்ணா, மெஷினு பேஜாரு பண்ணுதுண்ணா. காலைல நல்லா ஓடுது. பத்து மணிக்கு மேல ஒரு படம் வரையறதுக்கு டபுள் டைம் எடுக்குது. ஒரு தபா நின்னே பூடுச்சி."

"எங்கம்மா வெச்சிகினு கீற?"

"வூட்லதாண்ணா. ஷீட்டு வூடு."

ஷீட்டு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மே மாதம், ஜன்னல் இல்லாத ரூம். அந்தம்மாவின் அடுப்படி டெஸ்ட் அதற்குப் பக்கத்தில்கூட வராது. இரண்டு மேசை தள்ளி அவர் உட்கார்ந்திருக்கிறார். போனைக் கையால் பொத்தி "மேடம், இத கொஞ்சம் பாருங்க" என்றால் முடிந்தது. நான் குரலைத் தாழ்த்தி, மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேராக வைக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை மறுபடி போன். ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசுகிறது, பாதிப் படம்தான் முடிந்திருக்கிறது என்றாள். நாளைக்கு நானே வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

மூன்று விசிறி வைத்த பெரிய கார்டு ஒன்றை என் பெயரில் எடுத்துக்கொண்டு, யாரிடமும் காரணம் சொல்லாமல், சனிக்கிழமை காலையில் கோவளம் போய்ப் பாண்டிச்சேரி பஸ் பிடித்தேன். பெரிய கார்டை மாட்டினால் ரெண்டு மணி நேரத்தில் கதை முடியும், அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது என்பது என் கணக்கு. கடப்பாக்கத்தில் இறங்கி, வலைகள் காய்கிற தெரு வழியாக விசாரித்துப் போனேன். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. அதை எனக்குத் தெரியும். கடை வாசலில் அதைத் தினமும் பார்த்து எரிந்தவன் அல்லவா.

அந்தம்மா தரையில் பாய் மேல் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு அமுலு மறுபடி கடைக்கு போன் செய்திருக்கிறாள். அவர் எடுத்திருக்கிறார். சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. கல்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

"வாங்கண்ணே" என்றார், நான் வருவது இயல்பு என்பதுபோல. என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "இது பெரிய கார்டுல்ல? இந்த மெஷின்ல இருக்க பவர் சப்ளை இதத் தாங்காதே."

நான் பெட்டியைப் பாய்க்கு வெளியே வைத்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தவனுக்கு அது தோன்றவே இல்லை.

அவர் செய்திருந்த வேலை சின்னது. கார்டுக்குப் போகிற மின்சாரத்தை மென்பொருளில் கொஞ்சம் குறைத்திருந்தார். சூடு தணிந்து, நின்று நின்று ஓடியது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதே கார்டு, கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. "கார்டு நல்ல கார்டுதாண்ணே. இவங்க காசுக்கு நானும் இதத்தான் குடுத்திருப்பேன். குடுக்கும்போதே இதச் செஞ்சு குடுத்திருப்பேன்" என்றார். என் பலகை சரிதான் என்று அவரே சொல்கிறார். எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை.

மணி ஒன்று. மீதி முந்நூற்றறுபது படங்கள். ஒன்றுக்கு ஐம்பது விநாடி. நான் பெருக்கிப் பார்ப்பதற்குள் அமுலு என் வாயைப் பார்த்தாள். சரியாக ஆறு மணிக்கு முடியும். ஆனால் கோத்து அனுப்ப அரை மணி நேரம் வேண்டும். ஐந்தரைக்குள் முடிய வேண்டும்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "மின்சாரத்த முழுசா ஏத்திவிட்டா வேகம் கூடும். ஆனா இந்தச் சூட்டுல நின்னுட்டா போச்சு. என்னண்ணே செய்யலாம்? நம்பர்ல நீங்கதான் ஆளு. சொல்லுங்க."

தம்பிகளா, தங்கைகளா, இந்த இடத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'உங்க இஷ்டம் மேடம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அவர் ஏற்றியிருப்பார். மெஷின் நின்றிருக்கும். அவர் கையால் நின்றிருக்கும். கடையில் எல்லாருக்கும் தெரியும், அக்காவாலும் முடியாத ஒன்று உண்டு என்று. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அது நிற்கட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஒரு பெண்ணின் பிழைப்பு அந்த மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது கண்ணில் படவில்லை.

அமுலுதான் பேசினாள். "எறா கம்பெனில திங்கக்கெழமயே வரச் சொல்லிகீறாங்கண்ணா" என்றாள். கெஞ்சவில்லை, அழவில்லை. எந்தப் பஸ் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு உடம்பு கூசியது.

கணக்கைத் திருப்பிப் போட்டேன். "ஒரு படத்துக்கு அஞ்சாறு செகண்டு கொறஞ்சா போதும். முழுசா ஏத்த வாணாம். மொதல்ல இந்த ரூம எறக்கணும்" என்றேன். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டகை ஷீட்டுக் கூரைதான். கோடையில் வைக்கோலை நனைத்து மேலே பரப்புவோம். இங்கே வைக்கோல் இல்லை. தேசிங்கிடம் கோணிப்பை இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஐஸ் மூடற கோணி கீது. எத்தினி வோணும்?"

"கீறதெல்லாம்."

அவர் தெருவையே கூப்பிட்டார். கோணி, கிழிந்த வலை, பழைய பாய் எல்லாம் கூரை மேல் ஏறின. பக்கத்து வீட்டு மோட்டாரிலிருந்து ஓஸ் போட்டு நனைத்துக்கொண்டே இருந்தோம். நான் ஏணியில் நின்று தண்ணீர் பிடித்தேன், அறுபது வயதை நெருங்கிக்கொண்டு. அரை மணி நேரத்தில் உள்ளே வெக்கை நன்றாகவே குறைந்தது. மீதி முந்நூற்று இருபத்து நான்கு படங்கள். அந்தம்மா மின்சாரத்தை ஒரு படி மட்டும் ஏற்றினார். நாற்பத்து நான்கு விநாடி. "அஞ்சரைக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி" என்று ஏணியிலிருந்தே சொன்னேன்.

பிறகு காத்திருப்பதுதான் வேலை. மூன்று மணி வாக்கில் அமுலு மோர் கலக்கப் போயிருந்தபோது நான் அந்தம்மாவிடம் சொன்னேன். "மேடம், பெட்டி மேல உங்க சீட்டு இருந்திச்சி. நான்தான் பிச்சிட்டேன். படிச்சிட்டுத்தான் பிச்சேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் கோபம் நன்றாகத் தெரிந்தது.

"என்மேல பொறாமையா இருந்தா இருந்துட்டுப் போங்கண்ணே. அது உங்க பாடு. அதக் கொண்டுபோய் கஸ்டமர் மெஷின்ல மாட்டாதீங்க."

இரண்டு படம் முடிகிற நேரம் போயிருக்கும். அவரே மறுபடி பேசினார். "எனக்கு மட்டும் இல்லையாக்கும்? நீங்க பலகை முன்னாடி நின்னு மனசுலயே வகுத்துச் சொல்லும்போது எனக்கும் எரியத்தான் செய்யும். அதுக்காக உங்க பலகைய நான் அழிச்சேனா?"

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு திட்டுக்கு நடுவிலும், அவருக்கும் என்னைப் பார்த்து எரிந்தது என்ற சேதி எனக்கு இனித்தது.

ஐந்து இருபத்தெட்டுக்குக் கடைசிப் படம் விழுந்தது. அமுலு கோத்து அனுப்பி முடித்தபோது ஆறு மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. பில்டரிடமிருந்து 'கிடைத்தது' என்று வந்ததும் அவள் அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நீ வராங்காட்டி நான் செத்தேங்கா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நீங்களும் இம்மாந்தூரம் வந்தீங்களேண்ணா" என்றாள். கோணி என் யோசனை, கணக்கு என் கணக்கு. வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்துக்கு அப்புறம் அவளுக்கு எறா கம்பெனிக்குப் போக வேண்டி வரவில்லை. பில்டரின் அடுத்த கட்டடமும் அவளுக்குத்தான் வந்தது.

திங்கட்கிழமை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பலகை எழுதுகிற மார்க்கரை என் மேசையிலிருந்து எடுத்து அந்தம்மா மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் நான் பலகையைத் தொடவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் விலை, வேகம் இரண்டுக்கும் பக்கத்தில் 'கூரை' என்று ஒரு கட்டம் வந்தது. தளமா, ஓடா, ஷீட்டா. மூன்றாவது நிமிடத்து வேகம் போய், ஒரு மணி நேரத்து வேகம் வந்தது. பலகையை ஆரம்பித்தது நான்தான் என்று அப்போதும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒன்று மட்டும் மாறியது. அதற்குப் பிறகு எனக்கு அந்தம்மா மேல் வயிறு எரியும்போதெல்லாம், எழுந்துபோய் அவர் பக்கத்தில் நின்று என்ன செய்கிறார் என்று கேட்பேன். எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் நின்று கேட்டதில் நிறையக் கற்றுக்கொண்டேன். அதுவரை ஒரு வருடம் முழுக்க இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் எரிந்துகொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

என் நாற்காலி காலியாகிவிட்டது. அதை அந்தம்மா மேசைக்கு ஒட்டிப் போடப் போவதாக முதலாளி சொன்னார். வருகிற திங்கட்கிழமை உங்கள் நால்வரில் ஒருவர் அதில் உட்காரப் போகிறீர்கள். 'என்ன செய்கிறீர்கள்?' என்று நான் ஒரு வருடம் கேட்காமல் அடக்கி வைத்த கேள்வியை நீங்கள் முதல் நாள் காலையிலேயே கேட்டுவிடலாம், அவரும் சொல்லிவிடுவார். அது யாராக இருந்தாலும் சரி, எனக்கு இப்போதே உங்களைப் பார்த்து வயிறு எரிகிறது.